ஜனநாயகம் கூடினால் மென்பொருள் திருட்டு குறையுமா?

கேள்வி இது: ஜனநாயகம் வேரூன்றிய நாடுகளில் திருட்டு மென்பொருள் குறைவு, சர்வாதிகார நாடுகளில் அதிகம் என்கிறார்களே, அது உண்மையா? உலக நாடுகளின் தரவை வைத்து நாமே சரிபார்க்க முடியுமா?

பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் உண்மைதான். வருமானத்தைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துவிடும். ஒரே நாட்டை ஆண்டுவாரியாகப் பின்தொடர்ந்தால், பல இடங்களில் எதிர்த்திசையில்கூடப் போகும். ஜனநாயகம் என்று நினைத்துக்கொண்டு நாம் அளப்பது பெரும்பாலும் வேறு இரண்டு விஷயங்களை: மக்கள் கையில் உள்ள பணம், சட்டம் எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது. நாமே சரிபார்க்கவும் முடியும். ஆனால் ரெக்ரஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் புள்ளியியல் கணக்கு) ஓட்டுவதற்கு முன்னால் இந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்துகொள்ளாவிட்டால், கிடைக்கும் விடைக்கு அர்த்தமே இருக்காது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

நாடுவாரியான மென்பொருள் திருட்டு விகிதம் என்று எந்தக் கட்டுரையில் பார்த்தாலும், மூலம் அநேகமாக ஒன்றுதான்: பி.எஸ்.ஏ. என்ற அமைப்பு. மென்பொருள் நிறுவனங்கள் சேர்ந்து 1988-இல் அமைத்த வணிகக் கூட்டமைப்பு இது. விகிதம் அதிகம் என்று காட்டுவதில் அதன் உறுப்பினர்களுக்கு ஆதாயம் உண்டு. இதனாலேயே எண்கள் பொய் என்று சொல்லிவிட முடியாது. கவனம் வேண்டும், அவ்வளவுதான். 2003-ஆம் ஆண்டுக்கான கணக்கு முதல் ஐ.டி.சி. என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டுக் கொடுத்தது. 2011 வரை ஆண்டுதோறும், பிறகு 2013, 2015, 2017 என ஒன்றுவிட்ட ஆண்டுகளிலும் எண்கள் உள்ளன. உலக அளவிலான விகிதம் 2011-இல் 42%, 2013-இல் 43%, 2015-இல் 39%, 2017-இல் 37%.

2003-க்கு முந்தைய எண்களும் இணையத்தில் கிடைக்கும். அவற்றை இந்தத் தொடரோடு ஒட்டிவிடாதீர்கள். அப்போது கணக்கிட்டது வேறு நிறுவனம், எண்ணியது பெரும்பாலும் அலுவலகப் பயன்பாட்டு மென்பொருள். 2003-இல் இயங்குதளமும் வீட்டுப் பயன்பாட்டு மென்பொருளும் உள்ளே வந்தன. 1995 முதல் 2017 வரை ஒரே கோடாக வரைந்து, நடுவில் தெரியும் வளைவுக்கு அரசியல் காரணம் தேடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

இனி கணக்கிடும் முறை. யாரும் வீடுவீடாகப் போய்க் கள்ள நகல்களை எண்ணவில்லை, கழித்தல் கணக்குதான். நாட்டில் உள்ள கணினிகளின் எண்ணிக்கையை, ஒரு கணினிக்குச் சராசரியாக எத்தனை மென்பொருள் என்பதால் பெருக்கினால் மொத்தம் கிடைக்கும். மென்பொருள் விற்பனை வருவாயை ஒரு பிரதியின் சராசரி விலையால் வகுத்தால் முறையாக வாங்கியது கிடைக்கும். மொத்தத்தில் முறையானதைக் கழித்தால் மிஞ்சுவது திருட்டு.

ஒரு கற்பனை நாட்டை வைத்துப் போட்டுப் பார்ப்போம். 10 லட்சம் கணினிகள், கணினிக்கு 10 மென்பொருள். மொத்தம் 1 கோடி. விற்பனை வருவாய் 20 கோடி டாலர், சராசரி விலை 50 டாலர். முறையானவை 40 லட்சம். ஆகத் திருட்டு விகிதம் 60%. இப்போது சராசரி விலை உண்மையில் 40 டாலர்தான் என்று வையுங்கள். முறையானவை 50 லட்சமாகிவிடும், விகிதம் 50%. விலை 50 டாலராகவே இருந்து, கணினிக்கு 10-க்குப் பதில் 8 மென்பொருள் மட்டும் இருந்தாலும் அதே 50%. இரண்டும் சேர்ந்து பிசகினால் மொத்தம் 80 லட்சம், முறையானவை 50 லட்சம், விகிதம் 37.5%. அதாவது இரண்டு ஊகங்களில் தலா இருபது சதவீதப் பிழை இருந்தால், ஒரு நாடு கிரீஸ், இந்தியா போன்றவை இருக்கும் இடத்திலிருந்து நகர்ந்து தைவானுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். அச்சில் வரும்போது தசமப் புள்ளி இல்லாத ஒரு முழு எண் மட்டும் தெரியும். பிழை வரம்பு எதுவும் பக்கத்தில் இருக்காது.

இதைவிட முக்கியமான சிக்கல் இன்னொன்று. 2011 கணக்கு 116 சந்தைகளுக்கு விகிதம் தருகிறது. ஆனால் பயனர்களிடம் நேரடியாகக் கேட்டது 33 நாடுகளில், சுமார் 15,000 பேரிடம். மற்ற நாடுகளில் கணினிக்கு எத்தனை மென்பொருள் என்பதை, தகவல் தொழில்நுட்ப வளர்ச்சியில் ஒத்த நாடுகளை வைத்து ஊகித்திருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்ப வளர்ச்சிக் குறியீடு தனிநபர் வருமானத்தோடு நெருங்கிப் பின்னிக் கிடப்பது. ஆகவே திருட்டு விகிதத்தை வருமானம் விளக்குகிறது என்று நீங்கள் கண்டுபிடிக்கும்போது, அதில் ஒரு பகுதி ஏற்கெனவே உள்ளே வைத்துத் தைக்கப்பட்டது. ஜனநாயகமும் வருமானத்தோடு சேர்ந்தே நகர்வதால், அந்தத் தையல் ஜனநாயகத்தின் கணக்கிலும் வந்து விழும். நேரடியாகக் கேட்ட நாடுகளை மட்டும் தனியே எடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடிவு மாறினால், உங்கள் கண்டுபிடிப்பு உலகத்தைப் பற்றியதல்ல, ஐ.டி.சி.யின் ஊக முறையைப் பற்றியது.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக வேலை செய்யும் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ.வும் 2010 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், கள்ள நகல் இழப்புக் கணக்குகள் எல்லாமே ஊகங்களை மிகவும் சார்ந்தவை என்று சொல்லியிருக்கிறது. குறிப்பாக, திருட்டு நகல் கிடைக்காவிட்டால் அந்த ஆள் காசு கொடுத்து வாங்கியிருப்பார் என்ற ஊகம். டாலரில் சொல்லப்படும் மதிப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சதவீதத்தை மட்டும் பயன்படுத்துவதே இந்த வேலைக்கு நல்லது. 2017-க்குச் சொல்லப்பட்ட 4,630 கோடி டாலரை எந்த ரெக்ரஷனிலும் போடாதீர்கள்; சந்தையின் பருமன், விலை, திருட்டு மூன்றும் அதில் கலந்து கிடக்கின்றன.

பன்னிரண்டு நாடுகள்

எண்களின் தரம் தெரிந்த பிறகு, ஒரு சின்னப் பட்டியல். முதல் எண், ஆட்சிமுறைகளை மதிப்பிடும் பாலிட்டி என்ற குறியீட்டில் 2011-க்கான மதிப்பெண். −10 என்றால் முழு எதேச்சாதிகாரம், +10 என்றால் முழு ஜனநாயகம். இரண்டாவது அதே ஆண்டின் திருட்டு விகிதம்.

அமெரிக்கா: 10, 19%
ஜப்பான்: 10, 21%
சிங்கப்பூர்: −2; 33%
ஐக்கிய அரபு அமீரகம்: −8, 37%
தென் கொரியா: 8, 40%
கத்தார்: −10, 50%
கிரீஸ்: 10, 61%
இந்தியா: 9, 63%
சீனா: −7, 77%
போட்ஸ்வானா: 8, 80%
வியட்நாம்: −7, 81%
இந்தோனேசியா: 8, 86%

இந்தப் பன்னிரண்டுக்கு மட்டும் தொடர்புக் கெழு (−1 முதல் +1 வரை, 0 என்றால் தொடர்பே இல்லை) போட்டால் −0.14 வருகிறது, தொடர்பு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இதை வைத்துக் குதிக்க வேண்டாம். வாதத்துக்கு இடைஞ்சலான நாடுகளை வேண்டுமென்றே பொறுக்கி எடுத்த பட்டியல் இது. மேற்கு ஐரோப்பாவையும் முன்னாள் சோவியத் நாடுகளையும் ஆப்பிரிக்காவையும் முழுதாகச் சேர்த்தால் தொடர்பு இதைவிடத் தெளிவாக, எதிர்க்குறியோடு வரும். இந்தப் பட்டியல் காட்டுவது வேறொன்றை. மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனால் அரசியல் அமைப்பு ஏறி இறங்குகிறது. வருமானமோ, சிங்கப்பூர், கத்தார், இந்தியா போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, பொதுவாகச் சரிந்துகொண்டே போகிறது. தேர்தலே முறையாக நடக்காத அமீரகத்தில் விகிதம் 37; ஜனநாயகம் பிறந்த மண் என்று பெருமை பேசும் கிரீஸில் 61. சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து பல கட்சித் தேர்தலை விடாமல் நடத்திவரும் போட்ஸ்வானாவும் ஒரு கட்சி ஆளும் வியட்நாமும் ஒரு புள்ளி வித்தியாசத்தில் நிற்கின்றன.

கிரீஸ் விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பணக்கார ஐரோப்பிய ஒன்றிய நாடு, மற்ற உறுப்பு நாடுகளுக்குப் பொருந்தும் அதே உத்தரவுகள் அங்கும் பொருந்தும். அப்படியும் ஜெர்மனியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது என்றால், ஏட்டில் உள்ள சட்டத்தையோ வாக்குச்சீட்டையோ காரணமாகச் சொல்ல முடியாது. வழக்கு எத்தனை ஆண்டு இழுக்கும், சிறு தொழில்கள் எவ்வளவு, கணக்கில் வராத வர்த்தகம் எவ்வளவு என்பவைதான் வித்தியாசம். இத்தாலி 48, ஸ்பெயின் 44 என்பதும் இதே வரிசையில்தான் வருகிறது.

எந்தக் குறியீட்டை எடுப்பது

ஜனநாயகத்தை அளக்க நான்கு குறியீடுகள் புழக்கத்தில் உள்ளன. எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஃப்ரீடம் ஹவுஸின் பழைய அளவுகோல் 1 முதல் 7 வரை. 1 என்றால் மிகச் சுதந்திரம். எண் கூடினால் சுதந்திரம் குறைவு. இதைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டு, ஜனநாயகம் திருட்டை அதிகரிக்கிறது என்று எழுதிவிடுவது எளிது. 8-இலிருந்து கழித்துத் திருப்பிக்கொள்ளுங்கள், அல்லது 100-க்கான புதிய மொத்த மதிப்பெண்ணை எடுங்கள். அந்த 100-இல் 40 அரசியல் உரிமைகளுக்கு, 60 குடிமை உரிமைகளுக்கு. குடிமை உரிமைகளுக்குள் சட்டத்தின் ஆட்சியும் சொத்துரிமையும் இருக்கின்றன. மென்பொருள் பதிப்புரிமையும் ஒரு சொத்துரிமைதானே! விளைவின் நெருங்கிய உறவுக்காரனைக் காரணத்துக்குள் உட்கார வைத்துவிட்டு, காரணம் வேலை செய்கிறது என்று மகிழ்வதில் பயனில்லை.

கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வி-டெம் திட்டம் 0 முதல் 1 வரை பல குறியீடுகள் தருகிறது. அதில் லிபரல் ஜனநாயகக் குறியீட்டை எடுத்தால் மேலே சொன்ன அதே சிக்கல், நீதிமன்றச் சுதந்திரம் உள்ளேயே இருக்கும். தேர்தல் ஜனநாயகக் குறியீட்டை எடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம். வாக்களிப்பு, கட்சி சேரும் உரிமை, கருத்துச் சுதந்திரம் போன்றவற்றையே அது பார்க்கிறது. என் பரிந்துரை இதுதான். தேர்தல் ஜனநாயகத்தை ஒரு மாறியாகவும், உலக வங்கியின் சட்ட ஆட்சிக் குறியீட்டைத் தனி மாறியாகவும் வையுங்கள். இரண்டாவது சுமார் −2.5 முதல் +2.5 வரை இருக்கும். அதே உலக வங்கித் தொகுப்பில் உள்ள குரலும் பொறுப்புடைமையும் என்ற குறியீட்டை ஜனநாயகத்துக்குப் பதிலாகப் போட்டால், சட்ட ஆட்சியோடு அது ஒட்டிக்கொண்டு, எதன் விளைவு எது என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

பாலிட்டி 2018-இல் முடிகிறது. நம் தரவு 2017-உடன் முடிவதால் அது குறையில்லை. எக்கனாமிஸ்ட் குழுமத்தின் 10-க்கான குறியீடு 2006-இல்தான் தொடங்குகிறது. அரசு நிர்வாகத் திறனும் அதில் சேர்ந்திருக்கிறது. அதைத் தவிர்க்கலாம்.

ரெக்ரஷனை ஓட்டும்போது

திருட்டு விகிதம் 0-க்கும் 100-க்கும் இடையே அடைபட்ட எண். அதை அப்படியே போட்டால், 90-இலிருந்து 85-க்கு இறங்குவதும் 50-இலிருந்து 45-க்கு இறங்குவதும் ஒன்றாகிவிடும். உண்மையில் முதல் இறக்கம் கடினமானது. விகிதத்தை 1-இலிருந்து அதைக் கழித்த எண்ணால் வகுத்து, இயற்கை மடக்கை எடுங்கள். 15% என்பது −1.73 ஆகும், 50% என்பது 0, 90% என்பது 2.20. இந்த அளவில் 90-இலிருந்து 85-க்கான நகர்வு 0.46, 50-இலிருந்து 45-க்கு 0.20 மட்டுமே.

வருமானத்துக்கு, வாங்கும் திறனுக்கேற்பச் சமன் செய்த தனிநபர் ஜி.டி.பி.யின் மடக்கையை எடுக்க வேண்டும். மடக்கை எடுக்காவிட்டால் கத்தாரும் லக்சம்பர்க்கும் கோட்டையே தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். எண்ணெய் நாடுகளைக் குறிக்கத் தனியாக ஒரு 0/1 மாறி சேருங்கள். பணக்கார எதேச்சாதிகாரங்கள் அனேகமாக எல்லாமே அங்குதான் இருக்கின்றன.

வரிசையும் முக்கியம். முதலில் ஜனநாயகம் மட்டும். அடுத்து வருமானம். அதன் பிறகு சட்ட ஆட்சி. ஒவ்வொரு படியிலும் ஜனநாயகத்தின் கெழு (ஜனநாயகம் ஓர் அலகு கூடினால் விளைவு எவ்வளவு மாறும் என்ற எண்) எவ்வளவு சுருங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் படியில் வரும் சுருக்கமும் மூன்றாம் படியில் வரும் சுருக்கமும் ஒன்றல்ல. வருமானம் என்பது ஜனநாயகம், திருட்டு இரண்டையும் பின்னாலிருந்து இயக்குவது. அதைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். சட்ட ஆட்சி அப்படியல்ல. ஜனநாயகம் நல்ல நீதிமன்றங்களை உருவாக்கி, அவை திருட்டைக் குறைத்தால், சட்ட ஆட்சி என்பது நடுவில் உள்ள பாதை. பாதையைக் கட்டுப்படுத்திவிட்டு, ஜனநாயகத்துக்கு விளைவே இல்லை என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. நேரடி விளைவு இல்லை, இருந்தால் நீதிமன்றம் வழியாகத்தான் என்றே எழுத வேண்டும். இணையப் பயன்பாட்டு விகிதத்தைச் சேர்ப்பதிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் வெளிவந்த முதல் தலைமுறை ஆய்வுகளிலேயே இந்தப் படம் வந்துவிட்டது. வருமானம், ஒப்பந்தத்தையும் சொத்தையும் காக்கும் நிறுவனங்கள், தனிநபர்வாதப் பண்பாடு ஆகிய மூன்றும் திருட்டு குறைவோடு சேர்ந்து வந்தன. பண்பாட்டு மாறியை மட்டும் நான் பெரிதாக நம்புவதில்லை. பண்பாட்டு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டீடின் தனிநபர்வாத மதிப்பெண் ஒரு நாட்டுக்கு ஒரே எண், காலத்தால் மாறாதது, பணக்கார நாடுகளில் உயர்வாக இருப்பது. மாறாத ஒன்று, இத்தனை மாறிய விகிதத்தை எப்படி விளக்கும்?

ஒரே நாடு, பல ஆண்டுகள்

நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைவிட, ஒவ்வொரு நாட்டையும் அதன் பழைய நிலையோடு ஒப்பிடுவது வலுவான சோதனை. ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ் என்று சொல்வது இதைத்தான். மாறாத வரலாறு, பண்பாடு, மொழி எல்லாம் தானாகவே கழிந்துவிடும். ஆண்டுக்கும் தனி மாறி வேண்டும். இல்லாவிட்டால் பெரும்பாலான நாடுகளில் பொதுவாக நடந்த சரிவு, அந்தந்த நாட்டு அரசியலின் புண்ணியமாகத் தெரியும். பிழைகளை நாடுவாரியாகத் தொகுக்கவும் மறக்காதீர்கள். ஒரு நாட்டின் அடுத்தடுத்த ஆண்டு எண்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவைபோல் இருக்கும். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் பொய்யான நம்பிக்கை வரும்.

கணக்குக்கு முன், நான்கு நாடுகளைக் கண்ணால் பாருங்கள்.

சீனாவில் 2003-இல் 92%, 2011-இல் 77%, 2017-இல் 66%. பாலிட்டி மதிப்பெண் முழுக் காலமும் −7. வாக்குரிமை எதுவும் வரவில்லை, வந்தது வேறு. 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தமும் கூடவே வந்தது. அதன் 10-ஆம் பிரிவு கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளாகக் கருதிக் காக்கச் சொல்கிறது. 2006-இல், விற்பனைக்கு வரும் புதிய கணினிகளில் உரிமம் பெற்ற இயங்குதளத்தை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில், சீன அதிபர் ஹூ ஜிந்தாவோவின் அமெரிக்கப் பயணத்துக்குச் சற்று முன், கணினி நிறுவனமான லெனோவா ஓராண்டில் 120 கோடி டாலருக்கு விண்டோஸ் வாங்குவதாக அறிவித்தது. வணிக அழுத்தமும் மேலிருந்து வந்த உத்தரவும் செய்த வேலை இது.

ரஷ்யாவில் 2003-இல் 87%, 2011-இல் 63%, 2017-இல் 62%. இதே காலத்தில் எந்தக் குறியீட்டில் பார்த்தாலும் ஜனநாயகம் சரிந்தது. ஜனநாயகம் குறைந்தது, திருட்டும் குறைந்தது.

இந்தோனேசியா மறுபக்கம். சுகார்தோ 1998-இல் விலகினார், 1999-இல் சுதந்திரமான தேர்தல், 2004-இல் முதல் நேரடி அதிபர் தேர்தல். திருட்டு விகிதம் 2003-இல் 88, 2011-இல் 86, 2017-இல் 83. பெரும்பாலான நாடுகளில் பொதுவாக நடந்த சரிவைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

துனிசியாவில் 2011 புரட்சிக்கு முந்தைய ஆண்டு 72, 2017-இல் 74.

நான்கு நாடுகளை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் இவை நான்கும் சேர்ந்து ஒரு கருதுகோளுக்கு இடம் தருகின்றன: ஜனநாயகத்தின் அளவைவிட அதன் வயதுதான் முக்கியமாக இருக்கலாம். நீதிமன்றம், காவல், வரி நிர்வாகம், உள்நாட்டு மென்பொருள் துறை எல்லாம் பல பத்தாண்டுகளில் சேர்வது. இதைச் சோதிக்க, நடப்பு ஆண்டு மதிப்பெண்ணுக்குப் பதிலாக, பாலிட்டியில் 6 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்த ஆண்டுகளை எண்ணி அதன் மடக்கையைப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய ஜனநாயகங்களில் பெரும்பாலானவை பணக்கார நாடுகள். இந்தியா, போட்ஸ்வானா, கோஸ்டாரிகா போன்ற சில நாடுகளே இரண்டையும் பிரித்துக் காட்டும். அந்தச் சிலவற்றை நீக்கினால் முடிவு என்னாகிறது என்று பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள்.

சட்டமே ஆயுதமாகும்போது

எண்களில் சிக்காத பகுதி இது. ஜனநாயகத்துக்கும் மென்பொருள் திருட்டுக்கும் உண்மையான உறவு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

எல்லோரும் மீறும் சட்டம் ஒன்று இருந்தால், யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். சுதந்திரமான நீதிமன்றம் இல்லாத நாட்டில் அந்த வசதியை அரசு விட்டுவைக்காது. 2010 ஜனவரியில் இர்குட்ஸ்க் நகரில் பைக்கால் ஏரியைக் காக்கப் போராடிய சுற்றுச்சூழல் அமைப்பின் அலுவலகத்துக்குள் காவல்துறை நுழைந்து, 12 கணினிகளை எடுத்துச் சென்றது. சொன்ன காரணம் உரிமம் இல்லாத மைக்ரோசாஃப்ட் மென்பொருள். வாங்கியதற்கு ஆதாரம் இருப்பதாக அமைப்பு சொல்லியும் பயனில்லை. இதுபோன்ற சோதனைகள் எதிர்க்கட்சிப் பத்திரிகைகளிலும் உரிமை அமைப்புகளிலும் நடந்தது செய்தியானபோது, அந்த ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு வழி கண்டது. ரஷ்யா உள்ளிட்ட பல நாடுகளின் தன்னார்வ அமைப்புகளுக்கும் சிறு ஊடகங்களுக்கும் விண்ணப்பமே இல்லாமல் இலவச உரிமம் என்று அறிவித்தது. எல்லோரிடமும் உரிமம் இருந்தால் அந்தச் சாக்கு செல்லாதல்லவா?

ரஷ்யாவின் விகிதச் சரிவில் இத்தகைய கெடுபிடியும் ஒரு பங்கு என்றால், அட்டவணையில் அது 'சட்ட அமலாக்கம் மேம்பட்டது' என்றுதான் பதிவாகும். குறைந்த திருட்டு விகிதத்தை நல்லாட்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் ஆய்வுகளுக்கு இது பெரிய ஓட்டை.

மறுபுறம், ஜனநாயகம் அமலாக்கத்தைத் தடுக்கவும் செய்கிறது. மென்பொருளை இறக்குமதி செய்யும் நாட்டில் பெரும்பான்மை வாக்காளர் பயனர்; உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். கடுமையான சோதனை நடத்தி ஓட்டு வாங்கிய கட்சி கிடையாது. பணக்கார ஜனநாயகங்களிலும் இதைப் பார்க்கலாம். 2009 ஜூனில் பிரான்ஸின் அரசியலமைப்பு மன்றம், நீதிமன்றம் போகாமலே இணைய இணைப்பைத் துண்டிக்க அனுமதித்த, இணையத்தில் கள்ள நகலைத் தடுக்க வந்த ஹடோபி சட்டத்தின் பகுதியைச் செல்லாது என்றது. அதே மாதம் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பதிப்புரிமைச் சட்டங்களைத் தளர்த்தக் கோரும் ஸ்வீடனின் பைரேட் கட்சி 7.1% வாக்கு வாங்கி உள்ளே போனது. 2012 ஜூலை 4 அன்று, கள்ள நகலுக்கு எதிரான பன்னாட்டு ஒப்பந்தமான அக்டாவை ஐரோப்பிய நாடாளுமன்றம் 478-க்கு 39 என்ற கணக்கில் நிராகரித்தது. இவ்வளவு நடந்த ஸ்வீடனில் திருட்டு விகிதம் உலகிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. கடுமையான சட்டம்தான் விகிதத்தைக் குறைக்கிறது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் சில கண்ணிகள்

பொருளாதாரத் தடை உள்ள நாடுகளை என்ன செய்வது என்று முதலிலேயே முடிவெடுங்கள். இந்தத் தரவுக் காலத்தில் ஈரான், கியூபா, சிரியா, வட கொரியா ஆகியவற்றில் அமெரிக்க மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் பல நேரங்களில் வழி இருக்கவில்லை. இவை எல்லாம் அப்போது எதேச்சாதிகாரங்களாக இருந்ததால், பட்டியலில் வந்தால் ஜனநாயகத்தின் பக்கம் தராசு சாயும். பட்டியலிலேயே இல்லாத நாடுகள் எவை என்றும் பாருங்கள், ஐ.டி.சி. விட்டுவைத்தவை பெரும்பாலும் ஏழை நாடுகளும் மூடிய நாடுகளும்தான்.

விலை அடுத்தது. பெட்டி மென்பொருளின் விலை உலகெங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்த காலத்தில், ஏழை நாட்டில் அது பல வாரச் சம்பளம். 2004-இல் மைக்ரோசாஃப்ட் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா போன்ற இடங்களில் மலிவான விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் பதிப்பை இறக்கியது. ஒரே நேரத்தில் மூன்று செயலிகளுக்கு மேல் திறக்காது. முழுப் பதிப்பின் கள்ளக் குறுந்தகடு அதைவிட மலிவாகக் கிடைக்கும்போது யார் வாங்குவார்கள்? விலைக்கு நாடுவாரியான தரவு இல்லாததால், வருமான மாறியே விலைச் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறது.

கடைசியாக, 2013-க்குப் பிந்தைய சரிவை வாசிக்கும்போது கவனம். அந்த ஆண்டு மே மாதம் அடோபி, இனிப் புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டும் என்றது. 2015 ஜூலை முதல் ஓராண்டு விண்டோஸ் 10 இலவச மேம்படுத்தலாகக் கிடைத்தது. உலாவியில் ஓடும் மென்பொருளைக் கிராக் போட்டு உடைக்க முடியாது. பி.எஸ்.ஏ. எண்ணுவது கணினியில் நிறுவியதை மட்டுமே, கைபேசியை அல்ல. ஆகவே வேலை கைபேசிக்கும் மேகக் கணினிக்கும் நகர்ந்த நாடுகளில், மக்களின் நடத்தை அப்படியே இருந்தாலும் விகிதம் மாறும். 2003 முதல் 2011 வரை ஒரு முறை, 2013 முதல் 2017 வரை ஒரு முறை என்று பிரித்து ஓட்டுங்கள். இரண்டிலும் கெழுவின் குறி ஒன்றாக வந்தால் மட்டும் மேலே எழுதத் தொடங்குங்கள். 2022 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், அடோபி, எஸ்.ஏ.பி. ஆகியவை ரஷ்யாவில் புதிய விற்பனையை நிறுத்தின. அதற்குப் பின் அங்கு விகிதம் எங்கே போயிருக்கும் என்பதை இந்தத் தொடரில் தேடிப் பயனில்லை. அது 2017-உடன் முடிந்துவிடுகிறது.